புற்றுமண்ணும் பென்டிரைவும்

'செவ்வாய் வெறுவாய்' என்பாள் எங்கள் ஆச்சி. செவ்வாய்க்கிழமை பெண் பார்க்கப் போகக் கூடாது, புதுத்துணி எடுக்கக் கூடாது, முடி வெட்டக் கூடாது, நகம்கூட வெட்டக் கூடாது. எங்கள் தெரு சலூன்காரர் அன்றைக்குக் கடையைப் பூட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்.

இந்த விஷயம் அமெரிக்காவில் ரெட்மாண்ட் என்கிற ஊர்க்காரர்களுக்குத் தெரியாது. மைக்ரோஸாஃப்ட் கம்பெனி இருக்கிற ஊர் அது. 2003 அக்டோபரிலிருந்து மாதா மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமையாகப் பார்த்துத்தான் விண்டோஸுக்கு 'அப்டேட்' விடுகிறார்கள். அவர்கள் காபி குடித்துவிட்டுக் காலை பத்து மணிக்கு விட்டால், நமக்கு இங்கே ராத்திரி பத்தரை. (அங்கே குளிர்காலம் என்றால் பதினொன்றரை.) சங்கரன்கோவிலில் நாம் கொசுவத்தி ஏற்றிப் படுத்து, காலையில் எழுந்து கம்ப்யூட்டரைப் போட்டால் வலது மூலையில் ஒரு அறிவிப்பு காத்துக்கொண்டிருக்கும். கல்யாணத்துக்குக் கூப்பிட வந்த தூரத்துச் சொந்தம் மாதிரி. வேண்டாம் என்றும் சொல்ல முடியாது, வா என்றும் சொல்ல முடியாது.

'அது என்னய்யா அப்டேட், நல்லா ஓடிக்கிட்டிருக்கிற பெட்டியை ஏன் நோண்டணும்?' என்று கேட்கிறவர்களுக்காக, என் சொந்தக் கதைக்கு முன் ஒரு பொதுக் கதை.

2017 மே 12-ம் தேதி, வெள்ளிக்கிழமை. 'வான்னாக்ரை' என்று ஒரு வில்லன் கிளம்பினான். பெயரைத் தமிழில் சொன்னால், 'அழணும்போல இருக்கா?' ஒரு கம்ப்யூட்டருக்குள் புகுந்தால் அதில் உள்ள ஃபைல்கள் அத்தனையையும் பூட்டிவிட்டு, '300 டாலர் வை, சாவி தாரேன்' என்பான். அதோடு விடாமல் அடுத்த மெஷினுக்குத் தானே தாவிவிடுவான். சுமார் 150 நாடுகளில் லட்சக்கணக்கான மெஷின்கள் மாட்டின. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷனையே தள்ளிவைத்தார்கள். இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அவன் புகுந்த ஓட்டையை அடைக்கிற அப்டேட், இரண்டு மாதம் முன்னாலேயே, மார்ச் 14-ம் தேதியே வந்துவிட்டது. அன்றைக்கும் செவ்வாய்க்கிழமைதான். போட்டவன் தப்பித்தான். 'அப்புறம் பார்க்கலாம்' என்று தள்ளினவன் அழுதான்.

ஆகவே, அப்டேட் வேண்டும். சந்தேகமே இல்லை. அதை எப்படிப் போடக் கூடாது என்பதற்குத்தான் அடியேன் உதாரணம்.

* * *

எங்கள் தெருவில் 42 வீடு. பாதிப் பேர் விசைத்தறி. மீதி என்னைப்போல ஆபீஸ், கடை, பூ வியாபாரம். ஆடித்தபசுக்கு லட்சக்கணக்கில் ஜனம் எங்கள் ஊருக்கு வரும். அன்றைக்கு எங்கள் தெரு சார்பில் ஒரு நீர்மோர்ப் பந்தல். மோர், பானகம், வயசானவர்கள் உட்கார நாலு பெஞ்ச். பெரிய விஷயமில்லை, ஆனால் எங்களுக்குப் பெரிய விஷயம்.

இதற்கு வருஷம் முழுக்க வசூல். வியாழக்கிழமை சாயந்திரம் வீடு வீடாகப் போக வேண்டும். 20 ரூபாயோ 50 ரூபாயோ, முடிந்ததைக் கொடுப்பார்கள். தறி ஓடாத வாரம் கொடுக்க மாட்டார்கள். அடுத்த வாரம் அதையும் சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள். யார் எந்த வாரம் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதுதான் கணக்கு. அதில் ஒரு ரூபாய் பிசகினாலும், காசு போகாது, பேர் போய்விடும்.

இந்தக் கணக்கை 31 வருஷமாக எழுதிவந்தவர் எங்கள் தெரு அண்ணாச்சி. நீளப் பேரேடு, சிவப்புத் துணி அட்டை, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. வயது எழுபத்தைந்து ஆகிவிட்டது, கண்ணில் ஆபரேஷன். போன 2024 ஆடித்தபசு முடிந்ததும் நான்தான் முந்திரிக்கொட்டை மாதிரி எழுந்தேன்.

''அண்ணாச்சி, இனிமே நான் கம்ப்யூட்டர்ல எக்ஸெல்ல போட்டுடுதேன். தட்டினா டோட்டல் வரும்.''

அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். ''தட்டாமலே வரணும்டே டோட்டல்'' என்றார். பேரேட்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒரு வருஷம் ஓடியது. 2025 ஜூலை 9-ம் தேதி, புதன்கிழமை. மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் தெருக் கூட்டம். கணக்கு வாசிக்க வேண்டும். ராத்திரி ஒன்பதரைக்கு பிரிண்ட் எடுக்க உட்கார்ந்தேன். பிரிண்டர் அசையவில்லை. தட்டினேன், கெஞ்சினேன், மூடியைத் திறந்து உள்ளே ஊதினேன். ஊஹூம்.

ஆபீஸில் நாம் எல்லோரும் படித்த ஒரே வைத்தியம்: ரீஸ்டார்ட்! ஸ்டார்ட் பட்டனை அமுக்கினேன். 'அப்டேட் அண்ட் ரீஸ்டார்ட்' என்று இருந்தது. ரீஸ்டார்ட் என்கிற வார்த்தை கண்ணில் பட்டது. அப்டேட் என்கிற வார்த்தை கருத்தில் படவில்லை. க்ளிக்.

நீல ஸ்க்ரீன். அதில் வெள்ளைப் புள்ளிகள் வட்டமாக கும்மியடித்தன. '10 சதவீதம். கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள்' என்று இங்கிலீஷில் எழுத்து.

இந்த வேலையை ஏன் ரீஸ்டார்ட் பண்ணும்போதுதான் செய்கிறான் என்றால், காரணம் உண்டு. ஓடுகிற தறியில் பாவு மாற்ற முடியுமா? முடியாது. நிறுத்திவிட்டுத்தான் மாற்ற வேண்டும். விண்டோஸும் அப்படித்தான். ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் முக்கியமான ஃபைல்கள் எல்லாம் உபயோகத்தில் இருக்கும், தொட முடியாது. அதனால் புதுச் சரக்கையெல்லாம் ஓரமாக இறக்கி வைத்துக்கொண்டு, நாம் நிறுத்துகிற நேரம் பார்த்து மாற்றுகிறான். பாதி மாற்றும்போது தறிக் கொட்டகையில் கரண்ட் போனால் என்ன ஆகும்? அதேதான் இங்கேயும்.

பதினைந்து சதவீதம். இருபது. முப்பது. முப்பதில் நின்றது.

நின்றது என்றால் நின்றேவிட்டது. பத்து நிமிஷம். இருபது நிமிஷம். என் மெஷின் 2014-ல் வாங்கியது. 4 ஜி.பி. மெமரி. ஹார்ட் டிஸ்க் பழைய சுழலும் ரகம். அதன் சி டிரைவில் எள் போட்டால் எள் விழாது. அதில் அவன் சாமான் இறக்கி மாற்றி அடுக்க வேண்டும். நேரம் ஆகத்தானே செய்யும்? இதெல்லாம் இப்போது சொல்கிறேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், காலை ஒன்பது மணி.

அப்போது ஆனி மாசத்துக் காற்று ஒரு வீசு வீசியது. எங்கள் பக்கத்துக் காற்று தெரியும் அல்லவா? கயத்தாற்றுப் பக்கம் காற்றாலையைச் சுற்றுகிற அதே காற்று. வீட்டுக்குள் வந்தால் காலண்டரைச் சுற்றும். எங்கேயோ கம்பியும் கம்பியும் உரசியது. கரண்ட் போய்விட்டது.

'யு.பி.எஸ். இல்லையா?' என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதன் பேட்டரி செத்து மூன்று வருஷம் ஆகிறது. அதன்மேல் தேங்காய் எண்ணெய் பாட்டிலும் சீப்பும் வைக்க வசதியாக இருப்பதால் எடுக்காமல் விட்டிருந்தோம்.

* * *

பதினைந்து நிமிஷத்தில் கரண்ட் வந்தது. மெஷினைப் போட்டேன். 'மாற்றங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறேன்' என்றது. பாருங்கள், அது நல்ல புத்தியுள்ள மெஷின். பாதியில் நின்ற வேலையைப் பின்னுக்கு எடுத்துப் பழையபடி ஆக்கப் பார்த்தது. அதைச் செய்ய விட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

நான் அதையும் முக்கால் மணி நேரம் பார்த்தேன். பிறகு பொறுமை போயிற்று. பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். ஆக, குற்றவாளி வேறு யாரும் இல்லை. நான்தான். காற்று வெறும் உடந்தை.

மறுபடி போட்டால், 'ஆட்டோமேடிக் ரிப்பேர்' என்று வந்தது. சுற்றியது. அணைந்தது. மறுபடி 'ஆட்டோமேடிக் ரிப்பேர்'. மறுபடி அணைந்தது. கொடைக்கு ஆடுகிறவர் மாதிரி சாமி இறங்கவும் இல்லை, மலை ஏறவும் இல்லை.

மணி பதினொன்றே முக்கால். வீடே எழுந்துவிட்டது. பக்கத்து வீட்டு மாமா சுவருக்கு மேலே தலையை நீட்டினார்.

''என்ன வே, கரண்ட்டுதான் வந்துட்டே, இன்னும் என்ன முழிச்சுக்கிட்டிருக்கீரு?''

சொன்னேன். அவருக்குத் தெரிந்த மெக்கானிக்குக்கு அந்த ராத்திரியிலேயே போன் போட்டுக் கொடுத்தார். மெக்கானிக் கொட்டாவி விட்டுக்கொண்டே ஒரே வார்த்தையில் முடித்தார்: ''ஃபார்மேட் பண்ணிரலாம் ஸார்.''

வாசகர்களே, இந்த வார்த்தையை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றுவலி என்று போனவனிடம் 'தகனம் பண்ணிரலாம்' என்பது போல. வலி போய்விடும், வாஸ்தவம்.

''அதுல ஒரு கணக்கு இருக்கு...''

''பேக்கப் எடுத்திருப்பீங்கள்ல?''

நான் பதில் சொல்லவில்லை. சுவருக்கு மேலே மாமாவும் பேசவில்லை. கொசு மட்டும் பேசியது.

எனக்குக் கண்ணுக்கு முன்னால் நாளைய கூட்டம் வந்தது. 42 வீடு. ஒரு வருஷ வசூல். 'கணக்கு எங்கே?' 'கம்ப்யூட்டர் சாப்பிட்டுடுச்சு.' பணம் என்னவோ எதிர்வீட்டு அத்தை பீரோவில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் இருக்கிற பணம்தான் வந்த பணம் என்று யார் நம்புவார்கள்? நம்புவார்கள், முகத்துக்கு நேரே. அடுத்த வியாழக்கிழமை வசூலுக்குப் போனால் கதவு திறக்கக் கொஞ்சம் லேட்டாகும். அவ்வளவுதான். எங்கள் ஊரில் அதற்கு மேல் தண்டனை கிடையாது. அதற்கு மேல் தேவையும் இல்லை.

அந்த நேரம் பார்த்து என் மாமியார் எழுந்து வந்தார். பூஜை அலமாரியிலிருந்து கோமதி அம்மன் கோயில் புற்றுமண்ணை எடுத்துத் தண்ணீரில் குழைத்து, சி.பி.யு. பெட்டி நெற்றியில் ஒரு பட்டை.

''என்ன அத்தை இது?''

''நீங்கதான மாப்ள அன்னைக்குச் சொன்னீங்க, கம்ப்யூட்டருக்குள்ள பக்கு இருக்கும், பக்குன்னா பூச்சின்னு. பூச்சிக்கடிக்கு இதைவிட மருந்து உண்டா?''

எனக்குச் சிரிப்பு வந்தது, அந்த நிலைமையிலும். புற்றுமண் எங்கள் ஊரில் தேளுக்கும் பாம்புக்கும் பதில் சொல்லியிருக்கிறது. மென்பொருள் பூச்சிக்குச் சொல்லாதா? சிரித்ததில் மூளை கொஞ்சம் தெளிந்தது. சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் நைட் ஷிப்டு பார்க்கிற அக்கா மகன் ஞாபகம் வந்தான்.

* * *

''மாமா, முதல்ல அந்தப் பிளக்குலேர்ந்து கையை எடுங்க.''

எடுத்தேன்.

''ஸ்க்ரீன்ல என்ன இருக்கு? 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்'னு தெரியுதா?''

அத்தனை நேரமும் அது இருந்திருக்கிறது! நான்தான் பதற்றத்தில் அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். விண்டோஸ் இரண்டு மூன்று முறை எழுந்திருக்க முடியாமல் விழுந்தால், தானே ஒரு சின்ன ஆஸ்பத்திரியைத் திறந்துவிடும். 'ரிகவரி' என்று பெயர். அதற்குள் 'ட்ரபிள்ஷூட்', அதற்குள் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்'. ஆறேழு கதவுகள். அதில் ஒரு கதவு 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்'. கடைசியாகப் போட்ட அப்டேட்டைக் கழற்றிவிடும்.

''அதை அமுக்கட்டுமால மருமகனே?''

''அவசரப்படாதீங்க மாமா. முதல்ல சாமானை வெளியே எடுப்போம், அப்புறம் வீட்டை இடிப்போம். 'கமாண்ட் ப்ராம்ப்ட்'னு ஒண்ணு இருக்கா? அதுக்குள்ள போங்க. கறுப்பு ஜன்னல் வரும். நோட்பேட்னு டைப் அடிச்சு என்டர் தட்டுங்க.''

''லெட்டரா எழுதப் போறோம்?''

''தட்டுங்க மாமா.''

தட்டினேன். எழுந்திருக்கவே மாட்டேன் என்ற மெஷினில் நோட்பேட் சமர்த்தாக வந்து உட்கார்ந்தது.

''ஃபைல், ஓபன் போங்க. கீழே 'டெக்ஸ்ட்'னு இருக்கும். அதை 'ஆல் ஃபைல்ஸ்'னு மாத்துங்க. இல்லாட்டா எக்ஸெல் ஃபைல் கண்ணுக்கே தெரியாது. இடது பக்கம் 'திஸ் பி.சி.'யைத் தொடுங்க.''

தொட்டேன். சி டிரைவைத் திறந்தேன். வெறுமை. என் வயிறும் அதே மாதிரி ஆனது.

''ஏ மருமகனே, சி டிரைவ்ல ஒண்ணுமே இல்லியே!''

''பதறாதீங்க. ஆஸ்பத்திரியில பேரெல்லாம் மாறி இருக்கும். படுக்கை நம்பர்தான். டி-யைத் திறந்து பாருங்க.''

திறந்தேன். 'யூஸர்ஸ்', அதற்குள் என் பெயர், அதற்குள் 'டெஸ்க்டாப்'. அதற்குள்... 'மோர்ப்பந்தல் கணக்கு 2025'. அந்தச் சின்ன வரியைப் பார்த்தபோது எனக்கு என்ன தோன்றியது என்று இங்கே எழுதினால் ஆபீஸில் கிண்டல் பண்ணுவார்கள். விட்டுவிடுகிறேன்.

ரைட் க்ளிக், காப்பி. என் மகன் சினிமாப் பாட்டுகள் வைத்திருந்த பென்டிரைவைச் சொருகி, அதே ஜன்னலிலேயே அதைத் திறந்து, பேஸ்ட். நகருகிற கோடு எதுவும் தெரியவில்லை. வெளியே போய்த் திரும்பி வந்து பார்த்தால் ஃபைல் உட்கார்ந்திருந்தது. ஒரு வருஷக் கணக்கு. அளவு, ஒரு போட்டோ அளவுகூட இல்லை.

பிறகுதான் 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்'. அதில் 'லேட்டஸ்ட் குவாலிட்டி அப்டேட்' என்பதை அமுக்கினேன். அது தன் வேலையைச் செய்ய ஆரம்பித்தது.

''மாமா, இப்ப பெட்டியில சின்ன விளக்கு மினுக்குதா?''

''மினுக்குது.''

''அது மினுக்குற வரைக்கும் உள்ளே வேலை நடக்குதுன்னு அர்த்தம். ரெண்டு மணி நேரம் ஆனாலும் தொடாதீங்க. போய்ப் படுங்க.''

படுக்கவில்லை. விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டே காலுக்கு டெஸ்க்டாப்பில் குற்றாலம் அருவிப் படம் வந்தது. மாமியார் கேட்டார், ''மண்ணு கேட்டுச்சா?'' ''கேட்டுச்சு அத்தை'' என்றேன்.

* * *

அந்த ராத்திரி மருமகன் சொன்னதையும், பிறகு நான் பட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துத் தருகிறேன். வெட்டி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்டேட் ஓடும்போது சதவீதத்தைப் பார்க்காதீர்கள், ஹார்ட் டிஸ்க் விளக்கைப் பாருங்கள். இரண்டு மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் நின்று, விளக்கும் அசையவில்லை என்றால் மட்டும் பவர் பட்டனைப் பத்து விநாடி அமுக்கிப் பிடியுங்கள். அதுதான் கடைசி ஆயுதம்.

சி டிரைவில் இருபது ஜி.பி.யாவது காலியாக வைத்திருங்கள். பாதி அப்டேட் தோற்பது இடம் இல்லாமல்தான். 'டிஸ்க் க்ளீன்அப்' போட்டால் பழைய அப்டேட் குப்பையே ஏகத்துக்கும் போகும்.

மறுநாள் முக்கியமான வேலை இருந்தால், செட்டிங்ஸில் 'பாஸ் அப்டேட்ஸ்' இருக்கிறது. 35 நாள்வரை தள்ளிப்போடலாம். தள்ளிப்போடத்தான்; மறந்துபோக அல்ல. செல்போன் டேட்டாவில் ஓட்டுகிறவர்கள் 'மீட்டர்டு கனெக்‌ஷன்' என்று குறித்து வையுங்கள். தினசரி டேட்டாவை ஒரே மடக்கில் குடிக்காது.

'ஃபார்மேட்' என்று சொல்லும் முன் 'ரீஸெட் திஸ் பி.சி.' என்று ஒன்று இருக்கிறது. அதில் 'கீப் மை ஃபைல்ஸ்' எடுத்தால் நம் ஃபைல்கள் தங்கும். நாம் போட்ட புரோகிராம்கள்தான் போகும். புது லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பலவற்றில் 'பிட்லாக்கர்' பூட்டு தானாகவே போட்டிருக்கும். ஆஸ்பத்திரிக்குள் போனால் 48 இலக்கச் சாவி கேட்பான். அதை இன்றைக்கே எடுத்து ஒரு காகிதத்தில் எழுதி, பீரோவில் நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள்.

பெரிய இடத்திலும் இது நடக்கும். 2024 ஜூலை 19, ஆடி மாசம் முதல் வெள்ளி. க்ரவுட்ஸ்ட்ரைக் என்கிற பாதுகாப்புக் கம்பெனி அனுப்பிய ஒரே ஒரு தப்பான ஃபைலால் உலகம் முழுக்க 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் நீலமாகி நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள்! வைத்தியம் என்ன? 'ஸேஃப் மோட்' போய் அந்த ஒரு ஃபைலை அழிப்பது. ஒவ்வொரு மெஷினாக, கையால். பிளக்கைப் பிடுங்கி அல்ல.

இன்னொரு செய்தி. விண்டோஸ் 10-க்கு இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நின்றது. (அதுவும் செவ்வாய்!) வீட்டுக்காரர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் என்று ஒரு வருஷ நீட்டிப்பு அறிவித்தார்கள். விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால் அதற்கு இன்டெல் எட்டாம் தலைமுறை, டி.பி.எம். 2.0 சிப் என்று ஜாதகம் கேட்கிறது. என் மெஷின் நாலாம் தலைமுறை. பொருத்தம் இல்லை.

தீபாவளிக்கு வந்த மருமகன் அதிலேயே ஓரமாக லினக்ஸும் போட்டுக் கொடுத்தான். போட்டதும் 'எது வேண்டும்?' என்று கேட்கும். ஒரு பெட்டி, இரண்டு சிஸ்டம். 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்த இலவச லேப்டாப்பிலும் இப்படி இரண்டும் இருந்தது. பெரும்பாலான பிள்ளைகள் ஒரு பக்கம்தான் பார்த்தார்கள்.

எது உசத்தி என்று நானும் மருமகனும் ஒரு மணி நேரம் சண்டை போட்டோம். மாமியார் சொன்னார்: ''சங்கனும் பத்மனும் சண்டை போட்ட ஊருல இருந்துக்கிட்டு இப்படிப் பேசலாமா? சிவன் பெரிசா, பெருமாள் பெரிசான்னு கேட்டதுக்குத்தான சாமி ஒரே உருவத்துல பாதி பாதியா நின்னாரு.''

அதற்கு மேல் நாங்கள் பேசவில்லை.

* * *

சரி, கூட்டத்துக்கு வருவோம். வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கே அண்ணாச்சி வந்துவிட்டார். கக்கத்தில் சிவப்புத் துணி அட்டை. ராத்திரி நடந்தது அவர் காதுக்குப் போயிருக்கிறது. சுவருக்கு மேலே தலை நீட்டுகிற மாமா இருக்கும்போது டெலிபோன் எதற்கு?

''கணக்கு இருக்காடே?''

''இருக்கு அண்ணாச்சி. இந்தா பிரிண்ட்டு.'' (பிரிண்டரும் சரியாகிவிட்டது. அதன் வயர் கழன்றிருந்தது. அவ்வளவுதான். யாரிடமும் சொல்லாதீர்கள்.)

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேரேட்டை விரித்தார். பார்த்தால், இந்த வருஷக் கணக்கு! வாரா வாரம் நான் வசூல் முடித்துத் திரும்பும்போது, திண்ணையில் உட்கார்ந்து, 'யாரு எவ்வளவு தந்தாடே?' என்று சும்மா பேச்சுக்குக் கேட்பார். நானும் சொல்வேன். எல்லாம் எழுத்தாக இருந்தது.

மருமகன் ராத்திரி ஒன்று சொல்லியிருந்தான். முக்கியமான எதற்கும் மூன்று பிரதி வேண்டும். இரண்டு வேறு வேறு வகையில் இருக்க வேண்டும். ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். ஏதோ புது விஞ்ஞானம் என்று நினைத்திருந்தேன். அது எதிர்த் திண்ணையில் 31 வருஷமாக உட்கார்ந்திருக்கிறது.

''என்ன அண்ணாச்சி, எம்மேல நம்பிக்கை இல்லியா?''

''ஓம்மேல உண்டுடே. பொட்டி மேலதான் யோசனை.''

டோட்டலைப் பார்த்தோம். என் எக்ஸெல் 58,540 என்றது. பேரேடு 58,340 என்றது. எதிர்வீட்டு அத்தை பீரோவைத் திறந்து எண்ணினோம். 58,340.

இருநூறு ரூபாய்! எனக்கு வேர்த்துவிட்டது. அவர் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறக்கினார். மாசி மாசம் மூன்றாவது வாரத்தில் விரல் நின்றது. கோடி வீட்டு ஆச்சி கொடுத்தது 50. நான் அடித்திருந்தது 250. ராத்திரி முழுக்க உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய ஃபைலில் என் தப்பும் பத்திரமாகத் தப்பி வந்திருந்தது. கூட்டத்தில் அப்படியே வாசித்திருந்தால், இருநூறு ரூபாய் திருடன்.

பொட்டி மேல் யோசனை என்றாரே, பெரிய மனுஷர். பொட்டியில் ஒரு தப்பும் இல்லை என்பது அவருக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது.

திருத்தி, புதுசாக ஒரு பிரிண்ட் எடுத்தேன். ஒன்பது மணிக்குக் கூட்டம். நான் வாசித்தேன். அண்ணாச்சி பின்வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அட்டையைத் திறக்கவே இல்லை. முடிந்ததும் யாரோ, ''கம்ப்யூட்டர் கணக்குன்னா கம்ப்யூட்டர் கணக்குதான், ஒரு ரூபா பிசகலை பாத்தீங்களா?'' என்றார்.

அண்ணாச்சி எழுந்து வேட்டியை இறுக்கிக்கொண்டார். ''ஆமா, ஆமா'' என்றார்.

இப்போது எல்லா வியாழக்கிழமையும் சாயந்திரம் நானே அவர் திண்ணைக்குப் போய்விடுகிறேன். அவர் எழுதுகிறார், நான் சொல்கிறேன். யு.பி.எஸ்.ஸுக்குப் புது பேட்டரியும் போட்டாயிற்று. எண்ணெய் பாட்டிலுக்குத்தான் வேறு இடம் கிடைக்கவில்லை.